கதிரை கொடுத்த மெனேஜர்

மெனேஜர் தன்னைக் கதிரையில் உட்காரச் சொன்ன அன்றைக்குத்தான் நிரஞ்சனிக்குப் பயம் பிடித்தது.

நாவுலயில் இருக்கும் அந்தக் கார்மெண்ட்ஸில் அவள் செம்பிள் தைப்பவள். வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பும் படத்தைப் பார்த்து முதல் ஷர்ட்டை அவள்தான் தைப்பாள். அது பிடித்தால்தான் ஓடர் வரும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு எஸ்டேட்டிலிருந்து இந்த வேலைக்கு வந்தவள், இத்தனை வருஷமும் அந்த அறையில் நின்றபடிதான் பேசியிருக்கிறாள்.

புதிதாக வந்திருந்த மெனேஜர் முஸம்மில், "இங்க உங்களுக்கு என்ன குறை? பயப்படாமச் சொல்லுங்க" என்றார்.

"ஒன்னுமில்ல சேர்."

கலேவெலயில் புதிய கார்மெண்ட்ஸ் திறந்ததிலிருந்து நன்றாகத் தைப்பவர்கள் ஒவ்வொருவராக அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். நிரஞ்சனியையும் கூப்பிட்டிருந்தார்கள். அதை அவள் பக்கத்து மெஷின் றிஸ்லாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். இவள்தான் மெனேஜரிடம் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். அன்றிலிருந்து றிஸ்லாவோடு சேராமல் சோற்றுப் பார்சலைத் தனியாகப் பிரித்தாள்.

அடுத்த கிழமை அதே றிஸ்லாவை அவளிடமே வேலை பழக அனுப்பினார்கள். வீட்டில் சொன்னதும் கணவன் கிஷாந்த் சிரித்தான்.

"ஒன் எடத்துக்கு ஆள் பழக்குறாங்க. இது கூடவா வெளங்கல?"

அதன் பிறகு கொலர் வைக்கும்போதெல்லாம் நிரஞ்சனி தோளைச் சரித்து மறைத்துக்கொண்டாள். றிஸ்லா எட்டிப் பார்த்தால், "நூல் எடுத்துட்டு வா" என்று அனுப்பிவிடுவாள்.

லீவு நாளொன்றில் பஸ் ஏறிக் கலேவெலக்கே போய்ப் பார்த்தாள். அங்கே டீ கொடுத்தார்கள், கூடுதல் சம்பளம் சொன்னார்கள். அவள் தைத்துக் காட்டியதை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்களோட இன்னும் எத்தன பேரக் கூட்டிட்டு வரலாம்?" என்பதையே சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் நேரே முஸம்மிலின் அறைக்குப் போனாள். உட்காரவில்லை.

"என்ன நிப்பாட்டத்தான் றிஸ்லாவப் பழக்குறீங்களா சேர்?"

அவர் திகைத்துப்போனார். "யா அல்லாஹ்! செம்பிள் ரூமுக்கு உங்கள இன்சார்ஜாப் போடத்தான். மெஷின்ல வேற ஆள் உக்காந்தாத்தானே உங்கள எழுப்பலாம்?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா மத்தவங்களும் பதவி கேப்பாங்கன்னு மேல தடுத்துட்டாங்க. நான் சொல்லியிருக்கணும்."

நிரஞ்சனி அவர் முகத்தையே பார்த்தாள். கலேவெல போனது தெரிந்துதான் இப்போது கதை கட்டுகிறாரோ?

"அப்படின்னா நாளைக்குக் காலையில எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. இல்லாட்டி நான் போறேன்."

மறுநாள் வேலை தொடங்குமுன் அவர் சொன்னார். தமிழிலும் சிங்களத்திலும் சொன்னார். கை தட்டியவர்களும் உண்டு, உதட்டைச் சுழித்தவர்களும் உண்டு.

மத்தியானம் றிஸ்லா தயங்கித் தயங்கி வந்தாள். "அன்னைக்கு சேர் என்னையும் கூப்பிட்டு, என்ன குறைன்னு அதே கேள்விதான் கேட்டாங்க அக்கா. நீங்கதான் என்னப் பத்தி ஏதோ சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்."

நிரஞ்சனி நகர்ந்து இடம் கொடுத்தாள். கொலர்த் துணியை எடுத்து, மறைக்காமல், மெதுவாகத் தைத்துக் காட்டினாள்.

"இதையெல்லாம் பழகிட்டு நானும் கலேவெலக்குப் போயிருவேன்னு பயமில்லையா அக்கா?"

"பயந்தான்" என்றாள் நிரஞ்சனி. "மத்தப் பக்கத்த நீ தை, பாப்போம்."