விழுங்கிய எள்

வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுத வேண்டும். ஒரு ஸ்பூன் எள்ளை மெல்லாமல் விழுங்கிவிட்டு, அது எப்போது வெளியே வருகிறது என்று நான் காத்துக்கிடந்த கதை இது. மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் இப்போதே பொத்திக்கொள்ளலாம்.

மரக்காணத்தில் உப்பைப் பாக்கெட் போடும் கொட்டகை ஒன்றில் வேலை செய்கிறேன். கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் பாத்திகளில்தான் என் அம்மா உப்பு வாரினாள். அந்த வெட்டவெளியில் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், வயிறு நிறையச் சாப்பிட மாட்டார்கள். மதியத்துக்குக் கொண்டுபோன சோற்றில் பாதியை அம்மா அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவாள். "எனக்கு வயிறு ரொம்பிடுச்சு. உனக்குத்தான் எடுத்து வச்சேன்" என்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தத் தூக்குவாளியைத் திறப்பதுதான் என் முதல் வேலை.

காலமெல்லாம் அடக்கி அடக்கியே பழகியவள். அதனால் நோய் வந்து வயிறு அடைத்தபோதும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ரத்தம் போனதை யாரிடமும் சொல்லவில்லை. பெருங்குடலில் புற்று என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது வெட்டி எடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

அவள் போய் மூன்று வருஷம் கழித்து எனக்கும் வயிறு அடைக்க ஆரம்பித்தது. பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும். வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துவிட்டு, ஒரு நாள் திண்டிவனத்தில் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு ஸ்பூன் எள்ளு, மெல்லாம தண்ணியோட முழுங்குங்க. அது எப்ப வெளிய வருதுன்னு பாருங்க. அப்புறம் மூணு வாரம் நார்ச்சத்தா சாப்பிட்டுட்டு, திரும்ப ஒரு தடவை முழுங்கிப் பாருங்க. சீக்கிரம் வந்துட்டா சாப்பாட்டுக் கோளாறுதான். இல்லன்னா டியூப் விட்டு உள்ள பாக்கணும்."

டியூப் என்றதும் எனக்கு அம்மாவின் கடைசி மாதங்கள் ஞாபகம் வந்தன. எப்படியாவது எள் சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வீட்டில் கருப்பு எள்தான் இருந்தது. விழுங்கினேன். மூன்றாம் நாள் சாயங்காலம்தான் வந்தது. அதற்குள் விஷயம் என் வீட்டுக்காரரின் அக்கா காதுக்குப் போய்விட்டது. அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். எள்ளென்றால் எண்ணெயாக வந்து நிற்கிற ஆள்.

"இன்னாடி பண்ணி வச்சிருக்குற? கருப்பு எள்ளும் தண்ணியும் யாருக்குக் குடுக்குறது? செத்தவங்களுக்கு. அத நீ உன் வாயில ஊத்திக்கிட்டியா?"

"டாக்டர் சொன்னாங்க அண்ணி."

"டாக்டர் சொல்லுவாங்க. அன்னிக்கு அமாவாசடி, புத்தி இருக்குதா உனக்கு?"

தூக்கிவாரிப் போட்டது. அன்று அமாவாசை என்பது எனக்கு ஞாபகமே இல்லை. அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது என் அண்ணன்தான். பெண் பிள்ளை நான் ஒரு நாளும் இறைத்ததில்லை. இப்போது அவளுக்குப் போக வேண்டியதை என் வயிற்றுக்குள் இறைத்துவிட்டேனோ என்று தோன்றிவிட்டது. தோன்றியது போகவே இல்லை. அடிவயிற்றில் இடது பக்கம் யாரோ கைவைத்து அழுத்திக்கொண்டிருப்பது போல இருக்கும். அம்மா அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

மூன்று வாரம் காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, இடையில் கொய்யா என்று மாடு மாதிரி மென்றேன். தண்ணீரும் குடித்தேன். இரண்டாம் தடவை விழுங்க வேண்டிய நாள் வந்தபோது அண்ணியே பாய் கடையில் ஒரு பாக்கெட் வெள்ளை எள் வாங்கி வந்து கையில் கொடுத்தார். "முழுங்கித்தான் ஆவணும்னா இத முழுங்கு" என்றார். வாதாடத் தெம்பில்லை. விழுங்கினேன்.

மறுநாள் உச்சி வேளையில் கொட்டகையில் இருக்கும்போது வயிறு அவசரப்படுத்தியது. அங்கே கக்கூஸ் கிடையாது. கைவிட்ட பாத்தி ஓரத்துச் சீமைக்கருவேலம் புதருக்கு ஓடினேன். சுற்றிலும் ஒரே வெள்ளை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். உப்பளத்து நடுப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? ஆனாலும் சொல்கிறேன், எதிர்ப் பாத்தியில், கானலுக்கு நடுவே, ஒரு பெண் இடுப்பின் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பாத்தியில் உப்பு விளைந்து வருஷக்கணக்காகிறது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஒரு குச்சியை எடுத்துக் கிளறினேன். வெள்ளை எள் வந்திருந்தது. ஒரே நாளில். டியூப் வேண்டாம், பிழைத்தேன் என்று எழுந்திருக்கப் போனவள் மறுபடி குனிந்தேன். வெள்ளைக்கு நடுவே கருப்பு எள் ஏழெட்டு இருந்தது.

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் யாரும் கருப்பு எள்ளைத் தொடவே இல்லை. வீட்டுக்கு ஓடி, பாக்கெட்டில் மிச்சமிருந்த வெள்ளை எள்ளை முறத்தில் கொட்டிப் பரப்பிப் பார்த்தேன். மருந்துக்குக்கூட ஒரு கருப்பு இல்லை.

டாக்டரம்மா கேட்டது சீக்கிரம் வருகிறதா என்று மட்டும்தான். வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் டியூப் இல்லை. இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன். சோறு இறங்கவில்லை. அம்மாவும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பாள் என்று நினைத்தபோது அவள் மேல் வந்த கோபத்தில் எழுந்து பஸ் ஏறினேன்.

நான் சொன்னதைக் கேட்ட டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"வெள்ளைக்கு ஏன் மாத்துனீங்க?"

"எங்க அண்ணி கருப்பு ஆகாதுன்னாங்க."

"கருப்பாவே முழுங்கியிருந்தா எது பழசு எது புதுசுன்னு தெரிஞ்சிருக்காது. நானும் சரியாயிடுச்சுன்னு அனுப்பியிருப்பேன். உள்ள எங்கியோ ஒரு எடத்துல தங்குது. பாத்துடணும்."

பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கூட வந்தது அண்ணிதான். முந்தின நாள் முழுக்க மருந்து கொடுத்துக் குடலைக் கழுவியிருந்தார்கள். அரை மயக்கத்தில் பக்கவாட்டில் படுத்தபடி திரையைப் பார்த்தேன். குழாய் இடது பக்கத்தில் ஒரு வளைவில் நின்றது. அங்கே விரல் நுனி அளவுக்கு ஒரு சதை வளர்ந்து வழியை மறைத்துக்கொண்டிருந்தது. "இன்னும் முத்தல. எடுத்துடலாம், பயப்படாதீங்க" என்றார் அங்கிருந்த டாக்டர். அப்புறம் திரையை நெருங்கிப் பார்த்தார்.

"இதென்ன கருப்பா?"

அந்தச் சதைக்குப் பின்னால் மடிப்புக்குள் மூன்று எள் ஒட்டிக்கொண்டிருந்தது.

மயக்கம் தெளிந்ததும் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் உள்ளே இறைத்த எள்ளை அம்மாதான் கைநீட்டி வாங்கி வைத்திருந்தாளோ என்று, கேட்கக் கூடாததையும் கேட்டுவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் போர்வையை இழுத்து விட்டார்.

"அவ எந்தக் காலத்துலடி முழுசா சாப்ட்டா? உனக்குத்தான் எடுத்து வச்சிருக்குறா."

அம்மா செத்தபோதுகூட நான் அழவில்லை. அன்றைக்கு அந்த வார்டில் அத்தனை பேருக்கு முன்னால் வாய்விட்டு அழுதேன்.