குழிக்குள் இறங்காத காவலாளி

லண்டன் நகர மையத்தில், எங்கள் அலுவலகத்துக்கு எதிரே கட்டடத்துக்காகத் தோண்டிய குழிக்குக் காவல் நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த, ஒல்லியான மனிதர். யார் கூப்பிட்டாலும் குழிக்குள் இறங்கமாட்டார்.

ஒரு மதியம் காரணம் கேட்டேன். குழிச் சுவரில் தெரிந்த செந்நிற மண் அடுக்கைக் காட்டினார்.

"ரோமர் காலத்தில இந்த நகரம் எரிஞ்ச மண், தம்பி. கி.பி. அறுபதோ அறுபத்தொண்டோ. கலகக்காரர் வருகினமெண்டு ஆளுநர் நகரத்தைக் கைவிட்டுப் படையோட வெளிக்கிட்டிட்டார். ஏலுமானவை கூடப் போயிட்டினம். நடக்க ஏலாதவை நிண்டிட்டினம். ஒருத்தரையும் உயிரோட விடேல்லையாம்."

"அது பழைய கதைதானேண்ணே?"

"ஆமி வருகுதெண்டு நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு அத்தானால நடக்க ஏலாது. அக்கா அவரோட நிண்டிட்டா. நான்தான் கதவைச் சாத்திப்போட்டு வந்தனான்."

பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் துணிவு வரவில்லை.