ஹெல்மெட்டுக்குள் இருப்பது யார்

சுமியேயின் வலது கை சிவப்புப் பயறைச் விரலால் ஒவ்வொன்றாக ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது. மாற்ற முயன்றது என்று சொல்வதே சரி. பாதிப் பயறு மேசையில் உருண்டது. அதே நேரம் மேசைக்கு அடியில் இடது கை வேறு வேலையாக இருந்தது. குனிந்து பார்த்தேன். மடியில் ஒரு அட்டை, அதன்மேல் தாள், தாள் நிறைய வட்டங்கள்.

"சுமியே சான், எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"நோமுரா சான், உங்க பொறுப்பு வலது கைதான? இடது கை எங்க சுத்தினா உங்களுக்கு என்ன?"

நான் பராமரிப்புப் பயிற்சி பெற்றவள். பக்கவாதம் வந்த எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி, உட்கார வைத்து, நடக்க வைத்திருக்கிறேன். சிலர் அழுவார்கள். சிலர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்கள். இவள் எதிர்த்துப் பேசுகிற ரகம். எனக்கு அதுதான் வசதி. பேசுகிறவர்கள் சாப்பிடவும் செய்வார்கள்.

குவாபாரா சுமியே ஹச்சினோஹே துறைமுகத்தில் மரத்தில் மீன் பெட்டி செய்தவரின் மகள். இளவயதில் தோக்கியோவுக்கு வந்து, மற்றவர்களின் படக்கதைகளில் இடிந்து விழும் கட்டடங்களை வரைந்து பிழைத்தாள். சொந்தக் கதையை எடுத்துக்கொண்டு ஒரு பத்திரிகைக்குப் போனபோது, "பொம்பள வரைஞ்ச ராக்கெட்ட எந்தப் பையன் படிப்பான்?" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு வரிகூட மாற்றாமல், ஆண் பெயர் ஒன்றை மேலே எழுதி, அதே பத்திரிகைக்குத் தபாலில் அனுப்பினாள். உடனே எடுத்துக்கொண்டார்கள். இன்றும் பல வாசகர்கள் அவளை மீசை வைத்த ஆளாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விண்வெளிக்குப் போக ஆசைப்படும் அக்கா நாகி, தம்பி தெப்பெய் இருவரின் கதை அது. தொடங்கியபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கிறார்கள். நாகி நிலாவுக்குப் போய்விட்டாள். தெப்பெய் தேர்வுக்குத் தேர்வு தோற்றுப் பூமியிலேயே இருக்கிறான். அந்த இடத்தில்தான் சுமியேவுக்குப் பக்கவாதம் வந்தது.

படக்கதைத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ராக்கெட்டை, நிலா மண்ணை, நிழலை, உடை மடிப்பை உதவியாளர்கள் வரையலாம். முகம் மட்டும் 'சென்செய்' என்று எல்லோரும் கூப்பிடும் ஆசிரியரின் கையால்தான் வர வேண்டும்; அதிலும் கண். சுமியேயின் இடது கை வட்டம் போட்டது. கண் போட வரவில்லை.

அன்று மதியம் அந்தக் கதையை வெளியிடும் பத்திரிகையிலிருந்து இனாகாகி இனிப்புப் பயறு உருண்டைப் பெட்டியோடு வந்தார். பின்னால் தலைமை உதவியாளன் மோரிஷிதா. தலை நரைக்கத் தொடங்கியவன், இவளிடமே வேலை பழகியவன். அன்று அவள் முகத்தைப் பார்க்காமல் காலணியைக் கழற்றுவதிலேயே நேரத்தைக் கடத்தினான்.

இனாகாகி உறையைப் பிரித்து வரைந்த தாள்களை மேசையில் வைத்தார். "சென்செய், கோவப்படாதீங்க. கடைசி அத்தியாயம். காலையில அச்சுக்குப் போகணும். நீங்க பாத்துட்டுச் சரின்னு சொன்னாப் போதும்."

எல்லாம் மையிட்டு முடிந்திருந்தது. எல்லாத் தாளிலும் அக்காவும் தம்பியும் விண்வெளி உடையில் நிலாவில்; கடைசித் தாளில் தோளோடு தோள் நின்றார்கள். ஹெல்மெட்டின் வெயில் கண்ணாடி தூக்கியிருந்தது. இரண்டு முகமும் சிரித்தன. ஓரத்தில் 'முடிவு' என்று எழுதியிருந்தது.

சுமியே கண் எடுக்காமல் பார்த்தாள். "யாரு போட்ட கண்ணு இது?"

மோரிஷிதா பாயைப் பார்த்தபடி, "நான்தான், சென்செய்" என்றான்.

"எம்புள்ளைங்க மூஞ்சில கை வெச்சியா?"

"உங்களால ஸ்பூன்கூடப் பிடிக்க முடியல..."

"ஸ்பூன் பிடிக்கலைன்னா கிண்ணத்தத் தூக்கிக் குடிப்பேன். உன்னைக் கேட்டேனா?"

"நீங்க உடம்பத் தேத்திக்கணும்னுதான்..." என்று இனாகாகி நடுவில் புகுந்தார்.

"நான் உயிரோடதான் இருக்கேன். நீங்கதான் இனிப்பு வாங்கிக்கிட்டு எனக்குக் கருமாதி பண்ண வந்திருக்கீங்க. நோமுரா சான், மைப்புட்டியத் தொறங்க."

நோயாளியை உணர்ச்சிவசப்பட விடக்கூடாது என்பது பாடம். முகத்தைப் பார்த்தேன். சிவந்திருந்தது, ஆனால் மூச்சு சீராக இருந்தது. திறந்து கொடுத்தேன்.

இடது கையால் தூரிகையைத் தோய்த்து, நாகியின் சிரித்த முகத்தின்மேல் கறுப்பை அப்பினாள். அடுத்தது தெப்பெய். அடுத்த தாள், அதற்கடுத்த தாள். இனாகாகி, "ஐயோ, வேற தாளே இல்லையே!" என்று எழுந்துவிட்டார். முகங்கள் இருந்த இடமெல்லாம் கறுப்பு வட்டங்கள்.

கடைசித் தாளில் தூரிகை நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் சிரித்தாள்.

"மோரிஷிதா, வெள்ளை எடு. இந்தக் கறுப்புமேல ஒரு வளைவு போடு."

போட்டான். கறுப்பு வட்டம் வெயிலில் மின்னும் கண்ணாடி ஆயிற்று. ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டு இருவர் நிலாவில் நின்றார்கள்.

"இது யாரு?" என்று ஓர் உருவத்தைக் காட்டி அவனைக் கேட்டாள்.

"நாகி."

"மூஞ்சி தெரியலையே?"

"இடுப்புல கை வெச்சிருக்காளே."

"பக்கத்துல?"

மோரிஷிதா திணறினான். "தெரியல, சென்செய். நிமிந்து நிக்கிறான். தெப்பெய் எங்க நிமிந்து நின்னான்? தொலைச்சதத் தேடுற மாதிரிதான நிப்பான்... கடைசி அத்தியாயமாச்சேன்னு நிமித்திட்டேன்."

"அப்ப இது தெப்பெய் இல்ல. நாகி கூட வேலை பாக்குற எவனோ. தெப்பெய் பூமியிலதான் இருக்கான்." சொல்லிவிட்டு 'முடிவு' என்ற எழுத்தின்மேலும் மையைத் தடவினாள்.

இனாகாகி நெற்றியைத் துடைத்தார். "மூஞ்சியே இல்லாம எத்தனை இதழ் ஓட்டுவீங்க?"

"எங்கை தேறுற வரைக்கும் யாரும் கண்ணாடியத் தூக்க மாட்டாங்க. நாகி நிலாவுல. தெப்பெய் மறுபடி தேர்வுக்காக, விண்வெளி உடையோட பயிற்சிக் குளத்துத் தண்ணிக்குள்ள. ரெண்டு இடத்துலயும் ஹெல்மெட்டக் கழட்டினா சாவுதான்."

"தேறலைன்னா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நோயாளியிடம் நான் பொய் சொல்வதில்லை. "பழைய கை வராது. வேற மாதிரி ஒரு கை வரும். அது போடுற கண்ணும் வேற மாதிரிதான் இருக்கும்" என்றேன்.

"கேட்டுக்கிட்டீங்களா? வரும்ங்கிறாங்க" என்றாள் சுமியே.

பொழுது சாய்வதற்குள் அவள் சொல்லச் சொல்ல மோரிஷிதா வசனங்களை மாற்றி ஒட்டினான். இனாகாகிக்கு வேறு வழியில்லை. இதழில் இடம் ஒதுக்கியாகிவிட்டது. தாள்களை வாங்கிக்கொண்டு, குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது இனாகாகி தொலைபேசியில் கூப்பிட்டார். தலைமை ஆசிரியர் கத்தித் தீர்த்தாராம். பிறகு அச்சுக்கு அனுப்பிவிட்டாராம். சுமியே அடுத்த கரண்டிக் கஞ்சிக்கு வாயைத் திறந்தாள். மோரிஷிதா அறை மூலையில் தன் பழைய மேசையில் குளத்துத் தண்ணீரை வரைந்துகொண்டிருந்தான். தண்ணீருக்கு நடுவே தெப்பெயின் ஹெல்மெட்டுக்காக வட்டமாக இடம் விட்டிருந்தான்.

நான் சொல்லாமலே சுமியே பயறுக் கிண்ணத்தை முன்னால் இழுத்து, அன்றைய பயிற்சியை முடித்தாள். பிறகு வலது கையை நீட்டி, பேனாவை விரலோடு சேர்த்துக் கட்டச் சொன்னாள். கட்டுத்துணியால் கட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கண் வரைந்தாள். உப்பில் ஊறிச் சுருங்கிய பிளம் பழம்போல இருந்தது.

"யாரு கண்ணு மாதிரி இருக்கு?"

"யாரு கண்ணு மாதிரியும் இல்ல" என்றேன்.

அந்தத் தாளைத் தள்ளிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.