இரண்டு ரவுட்டர்களும் ஒரு பழத்தட்டும்

"கம்ப்யூட்டர் படிச்சு என்ன பண்ணப் போறே லா? வீடு வீடா ஒயரு மாட்டப் போறியா?"

நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது லாபிஸில் இருக்கும் அத்தை கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கேள்வியை மறக்காமல் வைத்திருந்தேன்.

போன வருடம் அக்காவுக்குக் கல்யாணம். அம்மா பத்திரிகையைப் படம் பிடித்து அத்தையின் போனுக்கு அனுப்பிவிட்டார். அப்பாவின் சொந்தத் தங்கைக்குப் பழத்தட்டும் இல்லை, நேரில் அழைப்பும் இல்லை. அத்தை வரவில்லை. அதன்பிறகு அவர் கூப்பிடட்டும் என்று இவரும், இவர் கூப்பிடட்டும் என்று அவரும் இருந்தார்கள்.

கல்யாண வீடியோ வந்ததும் அம்மா சொன்னார்: "உங்கத்தைக்கு அனுப்பு. எதைத் தவற விட்டாங்கன்னு தெரியட்டும்."

போனில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிய கோப்பு. "பென்ட்ரைவ்ல போட்டு நேர்ல குடுத்துருவோமா?"

"நாம முதல்ல போன மாதிரி ஆயிராது?"

ஆகவே, சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் வீட்டில் இருக்கும் என் கணினியிலிருந்து அத்தையின் கணினிக்கு நேரடியாக அனுப்பத் தீர்மானித்தேன். அத்தைக்குப் போனில் படிப்படியாகச் சொல்லி, இரண்டிலும் அதற்கான மென்பொருள் போட்டாயிற்று. காலை முழுக்க இரண்டு திரையிலும் ஒரே வரி: காத்திருக்கிறது.

காரணம் எளிது. வெளியுலகுக்குத் தெரிவது வீட்டுக்கு இணையம் தரும் பெட்டியான ரவுட்டரின் முகவரி மட்டும். கணினி அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளிருந்து நாம் கூப்பிட்டால் வரும் பதிலை ரவுட்டர் உள்ளே விடும். கூப்பிடாமல் வருவதைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். அத்தை வீட்டிலும் அதே கதை.

"கூப்பிடாத ஆள எதுக்கு உள்ள விடணும்? சரியாத்தான் செய்யுது," என்று அம்மா ரவுட்டரை மெச்சினார்.

ஒரு வழி இருந்தது. இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று கூப்பிட்டால், வருவது தன் அழைப்புக்கான பதில் என்று நினைத்து இரண்டு ரவுட்டரும் வழிவிடும். அத்தையைப் போனில் பிடித்து, ஒலிபெருக்கியைப் போட்டேன். இங்கே அம்மாவும் அங்கே அத்தையும் 'இணை' என்ற பொத்தானை அமுத்த வேண்டும்.

"உங்கத்தைய முதல்ல அமுத்தச் சொல்லு," என்றார் அம்மா.

"உங்கம்மாவ முதல்ல அமுத்தச் சொல்லு," என்றது போன்.

"யாரும் முதல்ல இல்ல. ரெண்டு பேரும் ஒண்ணா அமுத்தணும். ஒண்ணு, ரெண்டு, மூணு."

ஒன்றும் நடக்கவில்லை.

"அமுத்துனீங்களா?"

"அவங்க அமுத்தட்டும்னு பாத்தேன்," என்றார்கள் இருவரும்.

மூன்றாவது தடவை அமுத்தினார்கள். திரையில் 'ஒரு சதவீதம்' என்று வந்தது.

"போன வச்சிடலாமா?" என்று கேட்டார் அத்தை. வைத்தாலும் கோப்பு போகும். போனுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. "வச்சிடாதீங்க அத்தை, அறுந்துடும்," என்றேன். முதல் பத்து நிமிடம் இருவரும் இருமிக்கொண்டிருந்தார்கள். பிறகு புடவை, சாப்பாடு, மாப்பிள்ளையின் மூக்கு என்று நான்கு மணி நேரம் பேசினார்கள்.

"அண்ணி, வந்துருச்சு," என்றார் அத்தை கடைசியில். பிறகு என்னிடம்: "பரவால்ல, ஒயரு மாட்டக் கத்துக்கிட்டே."

"ஒரு ஒயருகூட மாட்டல, அத்தை."

அடுத்த மாதம் எனக்குப் பட்டமளிப்பு. அழைப்பிதழைப் படம் எதுவும் பிடிக்கவில்லை. ஆரஞ்சும் வெற்றிலை பாக்கும் வைத்த தட்டை மடியில் பிடித்துக்கொண்டு, அம்மாவுடன் குளுவாங்கில் ரயிலேறி உட்கார்ந்துவிட்டேன். லாபிஸ் வருவதற்குள் ஆரஞ்சில் கை வைக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.