ஆடு தின்ற தழை

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மலைப்பாதையில் ஓடுகிறவள் என்று கேள்விப்பட்டதும் என்னைத் தைரியசாலி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நாய் குரைத்தால் நின்றுவிடுவேன். சருகு அசைந்தால் பாம்புதான். பாறை மேல் பாறை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், இத்தனை காலம் விழாமல் இருந்தது நான் கீழே போகும்போதுதான் விழப்போகிறது என்று தோன்றும். இப்படிப்பட்டவள் ஐம்பது வயதில் காட்டுக்குள் ஓடப் போனதற்கு ஒரே காரணம் என் கணவர்.

அவருக்குச் சர்க்கரை. தினமும் இரண்டு வேளை இன்சுலின். டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் ஓட ஆரம்பித்துவிட்டார். விழுப்புரத்தில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது நாலே மாதத்தில் சலித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு, அனந்தபுரம் தாண்டி இருக்கிற மலைப்பக்கம் போகத் தொடங்கினார். பாறைக் குன்றுகளும் முள்காடும் நடுவே மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகளுமாக இருக்கும் இடம். வீட்டுக்கு வந்து அங்கே பார்த்த மயில்களை எண்ணிக்கை சொல்வார். எனக்கு மயிலா முக்கியம்?

ஒருமுறை வீட்டிலேயே அவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. வேர்த்துக் கொட்ட, பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று அதற்குள் காலை வைக்கப் பார்த்தார். வாயில் சர்க்கரையைக் கரைத்து ஊற்றிய பிறகுதான் என்னை யாரென்று தெரிந்தது. “சமயத்துல இனிப்பு குடுக்கலன்னா மயங்கிடுவாரும்மா. மயங்கிட்டா உயிருக்கே ஆபத்து” என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அவரைத் தனியாகக் காட்டுக்கு அனுப்ப எனக்கென்ன பைத்தியமா? நானும் ஒரு ஜோடி ஷூ வாங்கி, சுடிதாரோடு பின்னால் ஓடினேன்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. அவர் வேகம், நான் ஆமை. அதனால் அவர் முன்னால் போவார். பாதை பிரிகிற இடத்திலெல்லாம் கைக்குக் கிடைத்த பச்சைத் தழையை ஒடித்து, போன பக்கமாக நுனியை வைத்துப் போட்டுவிட்டுப் போவார். நான் தழையைப் பார்த்துக்கொண்டே வருவேன். மேலே ஒரு சப்பட்டைப் பாறை உண்டு. அங்கே எனக்காகக் காத்திருப்பார். தண்ணீர், குளுக்கோஸ், மல்லாட்டை உருண்டை, அவர் போன் எல்லாம் என் முதுகுப்பையில் இருக்கும். அவர் கால்சட்டையில் பை கிடையாது, கையில் எதையாவது வைத்துக்கொண்டு ஓடுவதும் பிடிக்காது. “நீதான் பின்னாலயே வர்றியே, அப்புறம் இன்னா” என்பார்.

அன்று அமாவாசைக்கு மறுநாள். ஏற்றம் தொடங்கும் இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். அங்கே வந்ததும் என் கால் நின்றுவிட்டது. வலப்பக்கப் பாதையின் முழு அகலத்துக்கும் திருஷ்டிக் கழிப்பு போட்டிருந்தார்கள். உடைத்த பூசணிக்காய், அதன் வயிற்றில் ரத்தம் போலக் குங்குமம், நறுக்கின எலுமிச்சம்பழம், கரியாகிப்போன மிளகாய், கொஞ்சம் தலைமுடி. அதற்கு அந்தப் பக்கம் அவர் போட்ட தழை கிடந்தது. நடுவில் குங்குமத்தை மிதித்துக்கொண்டு போன அவருடைய ஷூத் தடம். மனுஷனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எனக்கு உண்டு.

யாரிடமிருந்தோ கழித்துப் போட்ட பீடையைத் தாண்டினால் அது தாண்டினவரைப் பிடித்துக்கொள்ளும் என்பதைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தவள் நான். ஏற்கெனவே வீட்டில் ஒரு நோய் இருக்கிறது, இன்னொன்றையும் காலில் ஒட்டிக்கொண்டு போவதா? ஓரமாக ஒதுங்கிப் போகலாமென்றால் இரண்டு பக்கமும் சூரை முள். ஆள் யாருமில்லை. காகம்கூட அந்த எலுமிச்சம்பழத்தைத் தொடவில்லை. இடப்பக்கப் பாதை சுத்தமாகக் கிடந்தது. மலையைச் சுற்றிக்கொண்டு போனால் எப்படியும் மேலே சேர்ந்துதானே ஆகவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தழையை இன்னொரு தடவை பார்த்தேன். பார்த்துவிட்டு இடது பக்கம் திரும்பினேன்.

அந்தப் பாதை மேலே ஏறவே இல்லை. அடிவாரத்தோடு வளைந்து வளைந்து போய், கடைசியில் ஒரு பழைய கல்குவாரியில் முட்டிக்கொண்டு நின்றது. செங்குத்தாக வெட்டின பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். விளிம்பில் நின்றபோது தலை சுற்றியது. எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இந்நேரம் அவர் பாறைக்குப் போய் அரைமணி ஆகியிருக்கும். காலையில் ஊசி போட்டுக்கொண்டு, இரண்டே இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவர். போன் பண்ணலாம் என்று எடுத்து அழுத்தினேன். என் முதுகிலேயே மணி அடித்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் திரும்பி ஓடினேன். வாய்விட்டு அவரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். அதுவரை நான் ஓடினதெல்லாம் ஓட்டமே இல்லை. இரண்டு தடவை விழுந்தேன், முட்டி கிழிந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பாதை பிரிகிற இடத்தில் இப்போது பத்துப் பதினைந்து ஆடுகள் நின்றன. பூசணிக்காயை மென்றுகொண்டிருந்தன. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவளாகத் தெரிந்த ஒரு பெண் கோலோடு நின்றாள்.

“மேல யாரையாவது பாத்தியாம்மா? நீலச் சட்டை போட்டவரு.”

“ஒரு ஆளு வழிலயே ஒக்காந்துக்கினு இருந்தாரு. கூப்ட்டா ஏதோ ஒளர்றாரு. காலங்காத்தாலயே குடிச்சிட்டாருபோலன்னு நான் பாட்டுக்கு ஓட்டிக்கினு வந்துட்டேன்.”

“குடிக்கலம்மா, அவருக்குச் சுகர்” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“அய்யோ, அப்ப ஜல்தியா போக்கா” என்றவள், நான் கீழே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தாள். “அதுக்காகவா நிக்கிற? எங்க ஊட்டு மாட்டுக்குத்தான்க்கா சுத்திப் போட்டேன். கன்னு போட்டதுலருந்து மடியில கையே வைக்க உடல. தாண்டிக்கினு போ.”

மாட்டுக்குச் சுற்றிப் போட்டது. அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்ற என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. ஆடுகளைத் தள்ளிக்கொண்டு, குங்குமத்தை மிதித்துக்கொண்டு ஏறினேன்.

பாதி ஏற்றத்தில், ஒரு கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைத் தேடித்தான் இறங்கி வந்திருக்கிறார். சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. இடது கால் ஷூவைக் கழற்றி வலது கையில் மாட்டிக்கொண்டு, அதற்கு மெனக்கெட்டு நாடா கட்டிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, என்னைப் பாருங்க.”

“பஸ்ஸு வந்துடுச்சா?” என்றார். கண் என் மேல் இருந்தது, ஆனால் பார்க்கவில்லை.

குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கினேன், அவசரத்தில் பாதி கீழே கொட்டியது. வாயருகில் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாடையைப் பிடித்துத் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். விழுங்குகிறாரா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். இந்தக் காட்டில் இவரை யார் தூக்குவார்கள், பைக் எங்கே நிற்கிறது, மகளுக்கு என்ன சொல்வது என்று மனசு எங்கெங்கோ போயிற்று. நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கால் மணி நேரம் கழித்து, கையில் மாட்டியிருந்த ஷூவைப் பார்த்து, “இது இன்னா இங்க?” என்றார். நான் அவர் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதேன்.

உருண்டை ஒன்றைத் தின்று முடித்த பிறகு நிதானமாகக் கேட்டார். “எங்க போய்ட்ட? தழை போட்டிருந்தேனே.”

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். நாக்கு வேறு மாதிரி புரண்டது. “தழையே இல்லீங்க. கீழ ஆடு மேஞ்சுக்கினு இருக்கு. தின்னுட்டிருக்கும்.”

“என் தப்புதான். ஆடு மேயற எடத்துல தழையைப் போட்டா நிக்குமா? நீ வேற வழி தெரியாம எவ்ளோ பயந்திருப்ப” என்று என் கையைத் தடவிக்கொடுத்தார். இறங்கும்போது அந்த இடத்தில் பூசணித் தோலுமில்லை, தழையுமில்லை. ஆடுகள் எனக்குச் சாதகமாக எல்லாவற்றையும் தின்று தீர்த்திருந்தன. “பாத்தியா?” என்றார். நான் தலையாட்டினேன்.

அவர் கால்சட்டைகள் எல்லாவற்றிலும் உள்பை தைத்துவிட்டேன். குளுக்கோஸ் இப்போது அவரிடமே இருக்கிறது. அதோடு என் பயம் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவர் தழை போடுவதை விட்டுவிட்டார். பாதை பிரிகிற இடத்திலெல்லாம், முட்டி வலிக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆடு புரட்டாத கனத்தில் கல்லாகப் பொறுக்கி அம்புக்குறி அடுக்கிவிட்டுத்தான் போகிறார். வேகமெல்லாம் போய்விட்டது. சில இடங்களில் நானே அவரைப் பிடித்துவிடுகிறேன். அப்போது அவர் கல்லைச் சரிசெய்துகொண்டே நிமிர்ந்து பார்த்து, “இது தெரியுதில்ல உனக்கு?” என்று கேட்கிறார்.

“தெரியுதுங்க” என்கிறேன். அன்றைக்கும் தெரிந்தது என்று மட்டும் சொல்ல முடியவில்லை.