பாவாயியைத் திருப்பித் தந்த முருகன்

ஒரு நாள் காலையில் என் மனைவி பாவாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருங்க நீங்க? எங்கூட்டுக்காரரு காட்டுக்குப் போயிருக்காருங்க. அப்புறமா வாங்க" என்றாள்.

முருகன் அடியார்களே, எண்பத்திரண்டாம் வருடம் ஐப்பசி மாதம் அது. கட்டிய மனைவி வாசலில் நின்று என்னை வேற்றாளாக நினைத்துத் திருப்பி அனுப்பினாள். அன்றைக்கு என் உயிர் பாதி போய்விட்டது.

நான் புதுச்சத்திரம் பக்கம் மரவள்ளி போடும் விவசாயி. பாவாயிக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. எங்கள் பங்காளிகளில் யார் வீட்டுக் கல்யாணம் எந்த வருடம், யார் என்ன சீர் செய்தார்கள் என்றெல்லாம் அவளைத்தான் கேட்பார்கள். வெடுக்கென்று பதில் வரும். அப்படிப்பட்டவள் உலையில் தண்ணீர் ஊற்றாமல் அரிசியைப் போட்டாள். எருமை மடி கனத்துக் கத்தினாலும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பேச்சு மெதுவாகி, குரல் கரகரத்து, முகம் வீங்கிப் போயிற்று. எல்லோரும் வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது அவள் மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்குவாள். ஊரார் அதையும் கிறுக்கில் சேர்த்துவிட்டார்கள்.

கார்த்திகையில் அவள் பெரிய ரோட்டில் போய் நின்றுவிட்டாள். லாரிக்காரர் பிரேக் அடித்ததால் பிழைத்தாள். அன்று சாயங்காலமே என் அண்ணன் வந்தார்.

"தம்பி, இனி இவள ஊட்டுல வெச்சுக்க முடியாது. கிறுக்குப் புடிச்சவங்களச் சங்கிலி போட்டு வெக்கிற கோயிலு ஒண்ணு இருக்குது. தை பொறக்கட்டும், கொண்டி உட்டுட்டு வந்தரலாம்."

அவரும் அழுதுகொண்டேதான் சொன்னார். சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மூளை சுருங்குகிறது, மருந்து கிடையாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சங்கிலியா, ரோடா என்று நான் தவித்தேன்.

தைக் கிருத்திகைக்கு அவள் கையைப் பிடித்து எங்கள் ஊர்க் கரட்டு முருகன் கோயிலுக்கு ஏறினேன். பாதிப் படியில் நின்றுவிட்டாள். எங்கே போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இடுப்பில் கை கொடுத்து ஏற்றினேன். சந்நிதியில் வாய்விட்டுக் கதறினேன். "முருகா, அவள எனக்குத் திருப்பிக் குடு. அது ஆகாதுன்னா, எந்தக் கதவத் தட்டோணும்னாச்சும் காட்டு." அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

மறு வாரம் அவளுக்குத் தூக்க மாத்திரை வாங்க, சேலத்தில் அதே டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த நர்ஸம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "மெட்ராஸ்ல இருந்து ஒரு டாக்டரம்மா வந்திருக்காங்க. ஞாபக மறதியப் பத்தி ஆராய்ச்சி பண்றாங்களாம். பாக்கறீங்களா?" என்றார். என் உடம்பு சிலிர்த்துப்போனது. நான் கேட்ட கதவு இதுதான் என்று மனசு சொன்னது.

டாக்டரம்மா மறைக்காமல் பேசினார். "அல்சைமர்னு ஒரு வியாதி இருக்கு. ஞாபகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். அதைப் பத்தித் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆராய்ச்சி. கேள்வி கேப்போம், ரத்தம் எடுப்போம். உங்க மனைவிக்குக் குணமாகும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வேண்டாம்னு தோணினா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்."

கூட வந்திருந்த அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எலிக்கு ஊசி போட்டுப் பாக்கற மாதிரி இவளுக்கும் பண்ணுவாங்க. நீயும் அதுக்குத் தலையாட்டறயா?"

"முருகன் காட்டுன கதவுங்கண்ணா. உள்ள போயிப் பாக்காமத் திரும்ப மாட்டனுங்க" என்றேன். அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா பாவாயியிடம் இது எந்த மாதம் என்று கேட்டார். கிணறு, வேம்பு, சாவி என்று மூன்று வார்த்தைகளைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒன்றுகூட வரவில்லை. பாவாயி தேம்பி அழுதாள். டாக்டரம்மா அவள் கையைத் தடவிக் கொடுத்தார். தடவிய கை அப்படியே நின்றது. தோல் சொரசொரத்திருந்ததை உற்றுப் பார்த்தார். குளிருமா என்று கேட்டார். சின்னச் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டினார். பாதம் துள்ளிவிட்டு, மிக மெதுவாகத் தன் இடத்துக்குத் திரும்பியது. ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார். ஆராய்ச்சிக்கு வரும் எல்லோருக்குமே முதலில் அந்த ரத்தப் பரிசோதனை உண்டாம்.

மாசிக் கடைசியில் திரும்பக் கூப்பிட்டார்கள். "உங்க மனைவியை ஆராய்ச்சியில சேத்துக்க முடியாதுங்க" என்றார் டாக்டரம்மா.

எனக்குக் கண் இருட்டியது. "அதுக்குக்கூட ஆகாதவளாப் போயிட்டாளாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "ஐயா, உட்காருங்க. இவங்களுக்கு அல்சைமர் இல்லை. கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு, அது வேலை செய்யலை. அதனாலதான் இந்த மறதி, குளிர், வீக்கம் எல்லாம். இதுக்கு மாத்திரை இருக்கு. தினமும் வெறும் வயித்துல சாப்பிடணும். கட்டாயம் தேறுவாங்க. எவ்வளவு தூரம்கிறது போகப் போகத்தான் தெரியும்."

அந்த நாற்காலியிலேயே கை கூப்பிவிட்டேன். ஆராய்ச்சி என்று ஒன்று நடக்காமல் இருந்திருந்தால் அந்தப் பரிசோதனையை யார் எடுத்திருப்பார்கள்? முருகா!

மாத்திரை தொடங்கியதும் முதலில் முக வீக்கம் வடிந்தது. அப்புறம் கம்பளி போயிற்று. குரல் தெளிந்தது. ஆடி மாதம் ஒரு நாள் நான் வரப்பில் நின்றிருந்தேன். வீட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம். "ஏனுங்க! எருமைக்குத் தண்ணி காட்டுனீங்களா இல்லீங்களா? அங்க நின்னுட்டு என்ன வேடிக்கை பாக்கறீங்க?"

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். திட்டு வாங்கி ஆனந்தக் கண்ணீர் விட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆவணியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். சீர் ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுத்து முன்னால் நின்று நடத்தியது பாவாயி. அண்ணன் பந்தலுக்கு நடுவே என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்ற முருகன் பெரியவன்டா தம்பி" என்றார்.

கதை அதோடு முடியவில்லை. மறு வருடம் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஞாபகம் நன்றாக இருப்பவர்களும் வேண்டும் என்றார். என் பெயரை அங்கேயே கொடுத்தேன். பாவாயியும் என்னோடு வருவாள்.

அங்கே ஆத்தூர் அம்மா ஒருவரைப் பார்த்தோம். அவர் கணவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அவருக்கு உண்மையிலேயே அல்சைமர். அந்த அம்மா ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை. ஒரு நாள் பாவாயி கேட்டாள். "ஏனுங்கம்மா, இதுல உங்க ஊட்டுக்காரருக்குக் குணமாகாதுன்னுட்டாங்களே. அப்புறமும் எதுக்குங்க வாரீங்க?"

"எங்களுக்கு இல்லைம்மா. பின்னாடி யாருக்காவது ஒரு மருந்து பொறக்கும் இல்ல? நானும் சாமி கும்பிட்டுட்டுத்தான் வர்றேன்."

நானும் சாமியிடம் கேட்டேன், அந்த அம்மாவும் கேட்டார். எனக்கு ஏன் கிடைத்தது, அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் கேட்டதைப் பெற்றுக்கொண்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க எங்களால் முடியவில்லை. பாவாயி அந்த வாத்தியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பாள். அவர் அவளைத் தன் தங்கை என்று நினைத்துச் சிரிப்பார்.

அடியார்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது ஞாபகம் தப்பினால் பூட்டி வைக்காதீர்கள். சங்கிலியைத் தேடிப் போகாதீர்கள். முருகன் காலில் விழுங்கள். விழுந்து எழுந்ததும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். அவன் எந்தக் கதவு வழியாக வருவான் என்று நமக்குத் தெரியாது.

இப்போது எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் ஆராய்ச்சி என்றாலே பயந்தால், நான் பேசுவதற்கு முன்னால் பாவாயி எழுந்துவிடுகிறாள். "அந்த இருட்டுக்குள்ள போயிட்டுத் திரும்பி வந்தவ நானு. பயப்படாம வாங்க சாமி, நான் கூட வாரேன்" என்று சொல்லி, கையோடு பஸ் ஏற்றிவிடுகிறாள்.