ஷமீமா சிஸ்டர் கணக்கில் சேர்த்த குடம்

ஆம்பூர் பைபாஸில் தோல் ஏற்றிய லாரி ஒரு ஸ்கூட்டரை அடித்து இழுத்துப் போனதாக போன் வந்தது. நிருபர் வழக்கப்படி இடத்தை முதலில் குறித்துக்கொண்டேன். பெயர் கடைசியில்தான் வந்தது. ஷமீமா சிஸ்டர். அவர் தலைமைச் செவிலியராக இருந்த அரசு மருத்துவமனைக்கே உடலைக் கொண்டுபோயிருந்தார்கள்.

அவர் நெற்றித் தழும்பை இந்த ஊரில் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது உண்டான அன்று நான் அங்கே இருந்தேன்.

அப்போது பிரசவ வார்டில் குழாய் வறண்டு கிடந்தது. தோல் கழிவு கலந்த போர்வெல் தண்ணீர் உப்பும் நுரையுமாக வரும். நோயாளியின் வீட்டார் குடத்தில் கொண்டுவரும் தண்ணீரில்தான் எல்லாம் நடந்தது. தோல் தொழிற்சாலையில் வேலை செய்த குமரேசன், வேலைக்குப் போகாமல் மனைவிக்காகத் தண்ணீர் சுமந்தார். பிரசவம் முடிந்து, கிருமி தொற்றி அவள் இறந்தாள். உறவினர்கள் ஜன்னல்களை நொறுக்கினார்கள். இளம் டாக்டர் ஒருவரைத் தரையில் தள்ளி மிதித்தார்கள். குறுக்கே விழுந்து தடுத்த சிஸ்டரைக் குமரேசன் அதே குடத்தால் அடித்தார்.

“கையக்கூட கழுவாம தொட்டு சாவடிச்சிட்டீங்களேடி!”

நெற்றி பிளந்து எலும்பு தெரிந்தது. சிஸ்டர் புகார் கொடுக்கவில்லை. “அவன் கேட்டது சரி. ஆனா தப்பான ஆள அடிச்சிட்டான்” என்றார்.

தையல் பிரிப்பதற்குள் சுகாதாரத் துறையின் ஆலோசனைக் கூட்டம் ஒன்று வந்தது. அதில் ஒவ்வொரு மருத்துவமனையிலும் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் சுத்தத்துக்கும் ஆகும் செலவை மதிப்பிட்டு, அதை வைத்துப் பணம் ஒதுக்குவார்கள்.

“உங்க ஆஸ்பத்திரிலதான் தண்ணி செலவு ரொம்ப கம்மி. நல்ல சிக்கனம்” என்றார் அதிகாரி. மருத்துவமனை காசு கொடுத்து வாங்கியதை மட்டுமே கூட்டியிருந்தார்கள். வாங்காத தண்ணீருக்குச் செலவில்லை. அதனால் ஒதுக்கீடும் இல்லை.

சிஸ்டர் நசுங்கிய குடத்தை மேஜைமேல் வைத்தார். “இதுக்கு இன்னா விலை போட்டீங்க சார்?”

“அது பப்ளிக் கொண்டு வர்றதும்மா. ஃப்ரீ.”

சிஸ்டர் அழைத்து வந்திருந்த குமரேசன் பாய்ந்து அதிகாரியின் சட்டையைப் பிடித்தார். பொத்தான்கள் தெறித்தன. “ஃப்ரீயா? கூலி போச்சு, பொண்டாட்டி போய்ட்டா. எதுடா ஃப்ரீ?”

சிஸ்டர் அவர் மணிக்கட்டை முறுக்கி விடுவித்தார். “உக்காருடா. நீ அடிச்சா கேஸ்தான் எழுதுவாங்க, கணக்கு எழுத மாட்டாங்க. வாயால சொல்லு.”

குமரேசன் சொன்னார். இழந்த கூலி, ஆட்டோ வாடகை, தண்ணீர் கேன் விலை எல்லாம் மருத்துவமனையின் செலவாகவே மதிப்பீட்டில் ஏறின. சிஸ்டர் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு வார்டுக்கு நல்ல தண்ணீர்க் குழாய் வந்தது.

பிணவறையில் லாரிச் சக்கரம் மிச்சம் வைத்த முகத்தில் அந்தத் தழும்பு அப்படியே இருந்தது. உள்ளே பெண்கள் அவரைக் குளிப்பாட்டினார்கள். வெளியே ஒருவர் வார்டுக் குழாயில் வாளி வாளியாகப் பிடித்து வந்து கதவருகே வைத்தார். தலை நரைத்த குமரேசன்.

“இன்னும் ஊத்துங்கம்மா” என்றார் மூடிய கதவைப் பார்த்து. “தண்ணி வருது.”

சிஸ்டரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு பழக்கம்தான். எந்த மருத்துவமனைக்குள் போனாலும் முதலில் குழாயைத் திறந்து பார்க்கிறேன். வெறும் காற்று வந்தால், இங்கே அடுத்து யாருடைய நெற்றி உடையப்போகிறது என்று சுற்றிலும் பார்க்கிறேன்.